ஜாடியில் விட்ட கம்பி

என் அக்காவின் கணவர் அன்று குடித்திருக்கவில்லை. அது எனக்குத் தெரியும். கார் பள்ளத்தில் இறங்கியதற்குக் காரணம் அவர் காலடியில் இருந்த பிரேக் கம்பி. அந்தக் கம்பியைக் கெடுத்தவன் நான். கெட்டதை மறைத்துக் கறுப்புச் சாயம் பூசி அவர் கையில் கொடுத்தவனும் நான். அவர் குடித்துவிட்டு ஓட்டினார் என்று எல்லோரும் சொன்னபோது நான் வாயைத் திறக்கவில்லை.

எழுத உட்கார்ந்தால் அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

ரப்பர் விலை விழுந்துகிடந்த காலம். சிம்பாங் ரெங்கம் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் நான் ஆபீஸ் கணக்கெழுதும் கிராணியாக இருந்தேன். ஜோகூர் பாருவில் ஆங்கிலப் பள்ளியில் படித்தவன் என்பதால் அந்த வேலை கிடைத்தது. அத்தான் அதே தோட்டத்தில் துரையின் கார் டிரைவர். விலை விழுந்ததும் பாதி மரங்களைப் பால் வெட்டாமல் விட்டார்கள். கூலிக்காரர்கள் குடியிருந்த லயத்து வீடுகள் ஒவ்வொன்றாகக் காலியாயின. வேலை இல்லாதவர்களை லாரியில் ஏற்றிக்கொண்டுபோய்க் கப்பலில் இந்தியாவுக்கு அனுப்பினார்கள். கடைசியில் துரையையே சீமைக்கு அழைத்துக்கொண்டார்கள். பக்கத்துத் தோட்டத்துத் துரை இரண்டையும் சேர்த்துப் பார்த்தார். அவருக்கு ஏற்கெனவே டிரைவர் இருந்தார். அத்தானும் அக்காவும் இரண்டு பிள்ளைகளும் அடுத்த கப்பலில் போகவேண்டியவர்கள் ஆனார்கள். ஊரில் அவர்களுக்கு வீடும் இல்லை, நிலமும் இல்லை.

புறப்படும் முன் துரை ஒரு நல்லது செய்தார். ரப்பர் ஷீட் காயவைக்கும் புகை வீட்டுக்குப் பின்னால் கொட்டகையில் அவருடைய பழைய கார் ஒன்று வெகுகாலமாக நின்றது. அதை அத்தானுக்குக் கொடுத்துவிட்டார். அதை ஓடவைத்து வாடகைக்கு விட்டால் கப்பலேற வேண்டாம். எல்லாம் அதில்தான் இருந்தது.

அந்தக் கொட்டகையின் கூரை எப்போதோ ஓட்டையாகியிருந்தது. எங்கள் பக்கம் மழை நேரம் பார்த்துப் பெய்வதில்லை. எண்ணெய் பூசாமல் வைத்த இரும்பு அன்று சாயங்காலமே பழுப்பாகிவிடும். காரின் அடிப்பாகம் முழுவதும் துருவேறிச் செதில் செதிலாக உரிந்தது. கழற்றக்கூடியதையெல்லாம் கழற்றி என் வீட்டுக் கொல்லைக்குக் கொண்டுவந்தோம். எனக்கு அப்போது கல்யாணம் ஆகவில்லை. சாப்பாடு அக்கா வீட்டில். என் வீட்டுக் கொல்லையும் சமையல்கட்டும் சும்மா கிடந்தன.

அங்கே பல வாரம் துரு எடுத்தோம். இறுகிப்போன ஆணிகளை மண்ணெண்ணெயில் ஊறப் போட்டோம். தேய்ந்துபோன பால்வெட்டுக் கத்தியால் செதிலைச் சுரண்டினோம். மணலும் சலித்த சாம்பலும் கலந்து தேங்காய் நாரில் தொட்டுத் தேய்த்தோம். தேய்த்ததை அடுப்பு மேட்டில் காயவைத்து உடனே எண்ணெய் பூசவேண்டும். ஒரு மழை முந்திக்கொண்டால் மறுபடி முதலிலிருந்து.

அத்தான் தோள் பலத்தோடு தேய்ப்பார். என் கை அப்படி இல்லை.

"மச்சான், அது இரும்பு. திருநீறு பூசுற மாதிரி தடவிக்கிட்டு இருக்க."

"தேய்க்கத்தான் செய்றேன் அத்தான்."

"தெரியுது, தெரியுது. கிராணி கை. பேனாவுக்கே நோகாம எழுதுற கை."

சோறு கொண்டுவரும் அக்கா மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்பாள். "ரெண்டு பேரும் கைய கழுவிட்டு உக்காருங்க. போன தடவ மீன் குழம்புல மண்ணெண்ணெய்தான் மணந்துச்சு."

"கார் ஓட ஆரம்பிச்சா உன்னைய முன்னாடி உக்கார வெச்சு குளுவாங் போறேன். அப்ப வாசம் பாக்க மாட்ட."

"மொதல்ல அது நிக்கட்டும். அப்புறம் ஓடலாம்."

அவர்கள் அப்படிச் சிரித்துப் பேசிக்கொள்வது எனக்கே புதிது. அத்தானுக்கு முன்பு கள் பழக்கம் இருந்தது. ஒரு வருடத்துக்கு முன்தான் தோட்டத்து மாரியம்மன் கோயிலில், எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்து, இனிக் குடிப்பதில்லை என்று சத்தியம் செய்திருந்தார். கற்பூரம் அடித்துச் சொன்னதை மீறினால் பிள்ளைகளைத் தாக்கும் என்பது எங்கள் ஜனங்களின் நம்பிக்கை. அக்கா அதை முழுக்க நம்பினாள்.

தேய்த்துத் தீராத சாமான்களுக்கு வழி சொன்னது நான். ரப்பர் பாலை உறையவைக்கும் ஆசிட் தோட்டத்து ஸ்டோரில் இருந்தது. மலாய்க்காரர்கள் சூக்கா என்பார்கள், எங்களுக்கும் அதுதான் பெயர். ஸ்டோர் சாவி என்னிடம். ஆசிட் துருவைக் கரைக்கும் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருந்தேன். முட்டையை உப்பில் போடும் பெரிய சீன ஜாடி ஒன்று எடுத்து, தண்ணீர் நிறைய விட்டு, சூக்கா கொஞ்சம் ஊற்றி, சாமானைக் கம்பியில் கட்டித் தொங்கவிட்டோம். சிறு சிறு குமிழ் வரும். பழுப்புத் தோல் தளர்ந்து உள்ளே சாம்பல் நிறம் தெரிந்ததும் எடுத்துவிட வேண்டும். எடுத்ததைச் சாம்பல் தண்ணீரில் அலசவேண்டும். இல்லாவிட்டால் ஆசிட் துருவோடு நிற்காது, இரும்பையும் தின்னும். இதையெல்லாம் அத்தானுக்கு விளக்கிச் சொன்னவன் நான்தான். எனக்குத் தெரியாமல் நடந்தது என்று நான் சொல்லமுடியாது.

கடைசியாக மிஞ்சியது பிரேக் கம்பி. காலால் மிதிக்கும் கட்டையிலிருந்து பின்சக்கரம் வரை போகிற நீளக் கம்பி. அந்தக் காரில் பிரேக் என்பது அது ஒன்றுதான். அதன் ஒரு முனையில் மரை இருந்தது. அந்த மரையின் கழுத்தில் துரு இறுகிப் பிடித்திருந்தது. அந்த முனையை ஜாடியில் இறக்கியது ஒரு சனிக்கிழமை. அத்தான் டயர் தேடி ஆயர் ஈத்தாம் போயிருந்தார். மத்தியானம் பார்த்தேன், துரு அசையவில்லை. சாயங்காலம் எனக்குக் குளுவாங்கில் பூப்பந்து ஆட்டம், மறுநாளும் உண்டு. பல தோட்டத்துக் கிராணிமார் சேருவார்கள். காத்திருக்கப் பொறுமை இல்லை. தண்ணீர் கலக்காத சூக்காவை மேலும் ஊற்றினேன், தாராளமாக. ஊற்றிவிட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டேன்.

ரப்பர் தோட்டத்தில் இருப்பவனுக்கு ஒரு பழக்கம் ஊறிப்போகிறது. பாலை ஊற்று, சூக்காவைக் கலக்கு, போய்விடு, காலையில் வா, உறைந்திருக்கும். இடையில் நின்று பார்க்க ஒன்றும் இல்லை. இரும்பையும் நான் அப்படித்தான் நினைத்தேன். நினைத்தேன் என்றுகூடச் சொல்லமுடியாது. கை அப்படிச் செய்தது. ஞாயிற்றுக்கிழமை குளுவாங்கில் மழை. ஆட்டம் தள்ளிப்போயிற்று, நானும் அங்கேயே தங்கிவிட்டேன். திங்கட்கிழமை காலை நேரே ஆபீசுக்குப் போனேன். மத்தியானம்தான் ஜாடி நினைவுக்கு வந்தது.

ஜாடித் தண்ணீர் கருத்துக் கிடந்தது. கம்பியைத் தூக்கினேன். துரு சுத்தமாகப் போயிருந்தது. ஆனால் மரையின் கழுத்து, கட்டைவிரல் கனம் இருந்த இடம், பென்சில் கனத்துக்கு இளைத்திருந்தது. அதிலும் புழு அரித்ததுபோலக் குழிகள். துரு தின்றது பாதி, நான் தின்னவிட்டது பாதி என்று பின்னாட்களில் எனக்கே சொல்லிக்கொள்வேன். அது உண்மையாகக்கூட இருக்கலாம்.

வேறு கம்பி வேண்டுமென்றால் சிங்கப்பூருக்குச் சொல்லவேண்டும். வாடகைக் கார் லைசன்ஸுக்காகக் காரைப் பார்க்க அதிகாரி வரும் நாள் குறித்தாகிவிட்டது. ஆனால் நான் மறைத்ததற்குக் காரணம் அது இல்லை. பந்தாடப் போய் ஜாடியை மறந்தேன் என்று சொன்னால் அத்தான் சிரிப்பார். லயம் முழுக்கச் சொல்லிச் சிரிப்பார். கிராணி கை என்பார். அதற்குப் பயந்தேன். யோசித்துப் பார்த்தால் வேறு காரணம் எதுவும் கிடைக்கவில்லை.

தேன்மெழுகில் அடுப்புக்கரியைக் குழைத்துக் கழுத்தில் அப்பினேன். பழைய கனம் வரும்வரை உருட்டினேன். மேலே கறுப்புச் சாயம் இரண்டு பூச்சு. காய்ந்தபின் என் கண்ணுக்கே வித்தியாசம் தெரியவில்லை.

அத்தான் கம்பியை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அட, பரவால்லயே. கிராணி கையும் இரும்பு வேலை செய்யுது லா." அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினார். "இங்க பாரு, உன் தம்பி செஞ்சது." அக்கா தொட்டுப் பார்க்க வந்தாள். சாயம் ஒட்டும் என்று நான் தடுத்தேன்.

வந்த அதிகாரி விளக்கையும் ஹாரனையும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். கார் ஓடியது. சில வாரம் நன்றாகவே ஓடியது. அக்கா முன்சீட்டில் உட்கார்ந்து குளுவாங் போய்வந்தாள். அத்தான் புதுச் சட்டை தைத்துக்கொண்டார். ஒவ்வொரு நாளும் கார் திரும்பிவரும் சத்தம் கேட்டால் எனக்கு நிம்மதியாக இருந்தது. பிறகு அந்தச் சத்தத்துக்குக் காதுகொடுப்பதையே விட்டுவிட்டேன்.

விபத்து நடந்த அன்று அத்தான் ஏற்றிப்போனது பக்கத்துத் தோட்டத்து ஆள் ஒருவரை. அவர் முனியாண்டிக்குப் படையல் போடப் போனார். சுருட்டு, கோழி, அதோடு துணிப்பைக்குள் ஒரு புட்டி கள். தோட்டத்துக் கள்ளுக்கடையில் வாங்கும் கள்ளை அங்கேயே குடித்துவிட வேண்டும், வெளியே கொண்டுபோகக் கூடாது என்பது சட்டம். அதனால் பையை மடியில் இறுக்கிக்கொண்டு அத்தானுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பாலத்துக்கு முந்தின இறக்கத்தில் அத்தான் பிரேக்கை மிதித்தார். கம்பி அறுந்தது. கார் சாலையை விட்டுப் பள்ளத்தில் இறங்கி ஒரு சீனனுடைய கீரைத் தோட்டத்தில் கவிழ்ந்தது. வந்தவருக்குத் தோள் எலும்பு உடைந்தது. அத்தானுக்கு நெற்றியில் வெட்டு. கள் புட்டி உடைந்து அவர் புதுச்சட்டை முழுக்க நனைந்தது.

நான் சைக்கிளில் போய்ச் சேர்ந்தபோது கூட்டம் கூடியிருந்தது. அத்தானைக் கீரைப் பாத்தியில் உட்காரவைத்திருந்தார்கள். "மிதிச்சேன் மச்சான், காலுக்குக் கீழ ஒண்ணுமே இல்ல," என்றார். பக்கத்தில் நின்ற ஒருவர், "எப்படி இருக்கும், கண்ணு மண்ணு தெரிஞ்சாத்தானே," என்றார். சிலர் சிரித்தார்கள். அத்தான் மேலிருந்து கள் வாசம் அடித்தது. படையலுக்குப் போனவர் கள் தன்னுடையது இல்லை என்று சொல்லிவிட்டார்.

காருக்கு மறுபக்கம் போனேன். கம்பியின் அறுந்த துண்டு புல்லில் கிடந்தது. முறிந்த இடத்தில் மெழுகு தெரிந்தது. எடுத்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு பாலத்துக்கு நடந்து ஆற்றில் போட்டேன். யாரும் பார்க்கவில்லை.

போலீஸ் நிலையத்தில் அத்தானின் தமிழை ஆங்கிலத்தில் சொல்ல ஆள் தேவைப்பட்டது. நான்தான் சொன்னேன். "பிரேக் வேலை செய்யல, நான் குடிக்கல" என்றார். அதை அப்படியே மாற்றிச் சொன்னேன். ஒரு சொல்லைக்கூட மாற்றவில்லை. அதன் பிறகு அதிகாரி என்னைக் கேட்டார், இவருக்குக் குடிப் பழக்கம் உண்டா என்று. முன்பு உண்டு என்றேன். அதுவும் உண்மை. அவர் தலையாட்டினார். அத்தான் என் முகத்தைப் பார்த்தார். "என்ன கேட்டாரு?" என்றார். "உங்களை எனக்கு எத்தன வருஷமா தெரியும்னு கேட்டாரு," என்றேன். அங்கே நான் சொன்ன பொய் அது ஒன்றுதான். லைசன்ஸைப் பிடுங்கிக்கொண்டார்கள்.

அக்கா அவரிடம் சத்தம் போடவில்லை. சட்டையைத் துவைக்க எடுத்தவள் முகர்ந்து பார்த்துவிட்டுக் கீழே வைத்தாள். அதே வாரம் சின்னப் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டது. தோட்டத்தில் அப்போது பல பிள்ளைகளுக்குக் காய்ச்சல். ஆனால் அக்காவுக்கு அது கற்பூரத்தின் வேலை. பிள்ளை பிழைத்துக்கொண்டது. அவள் இரண்டு பிள்ளைகளோடும் என் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

"அவரு கூட இருந்தா இன்னொரு தடவ சத்தியத்த மீறுவாரு. எம்புள்ள தாங்காது."

அத்தான் வாசலில் வந்து நின்றார். "நான் குடிக்கல. நம்பு," என்றார். அவள் கதவைச் சாத்தவில்லை, திட்டவும் இல்லை. உள்ளே போய் அரிசி களைய ஆரம்பித்தாள். நான் முன்னறையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன்.

அவர் பொந்தியானுக்குப் போய், தென்னந்தோட்டத்தில் கொப்பரை சுடும் கொட்டகையில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே நிஜமாகவே குடிக்கத் தொடங்கினார் என்று கேள்விப்பட்டோம். அக்கா, "நான் சொல்லல?" என்றாள்.

வருடங்கள் போயின. ரப்பர் விலை கொஞ்சம் ஏறியது. எனக்குப் பெண் பார்த்தார்கள். பெண் வீட்டார் வந்த அன்று அக்கா அவர்களிடம் சொன்னாள்: "என் தம்பி குடிக்க மாட்டான், பொய் சொல்ல மாட்டான். எங்கள அவரு விட்டுட்டுப் போனப்போ அவன்தான் சோறு போட்டான்." எனக்கு வியர்த்தது என்று எழுதினால் நன்றாக இருக்கும். வியர்க்கவில்லை. பலகாரம் சாப்பிட்டேன். அடுத்த ஞாயிறு பஸ் ஏறிப் பொந்தியான் போனேன்.

அத்தான் கொட்டகைக்கு வெளியே உட்கார்ந்து தேங்காய் நெம்பும் இரும்பை மணல் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தார். கடல் காற்றில் அங்கே துரு இன்னும் சீக்கிரம் பிடிக்கும். வாயில் கள் வாசம். நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். ஜாடி, பந்தாட்டம், மெழுகு, ஆறு, போலீஸ் நிலையம். அவர் தேய்ப்பதை நிறுத்தவில்லை.

"அந்தத் துண்ட நான் தேடினேன்," என்றார். "மறுநாள் போயி கீரப் பாத்தி பூரா தேடினேன். சீனன் வெரட்டினான்."

"நான்தான் எடுத்துட்டேன் அத்தான்."

"ம்." இரும்பைத் திருப்பி வைத்துக்கொண்டார். "நான் நெசமா மிதிச்சேனா மச்சான்? எல்லாரும் சொல்லிச் சொல்லி எனக்கே சந்தேகமாயிருச்சு. அந்த ஆளு புட்டிலேர்ந்து ஒரு வாய் வாங்கிக் குடிச்சுட்டுத்தான் மறந்துட்டேனோன்னு இருந்துச்சு."

"மிதிச்சீங்க. நீங்க குடிக்கல."

"சரி."

தேய்த்த இரும்பை வெயிலில் வைத்துவிட்டு, "உன் அக்காகிட்ட சொல்லு," என்றார். "போலீசு கீலீசு ஒண்ணும் வேணாம். இனிமே நான் எந்தக் கார ஓட்டப் போறேன். அவகிட்ட மட்டும் சொல்லிடு."

அன்றே வந்து சொன்னேன். அக்கா முறத்தில் பருப்பு பார்த்துக்கொண்டிருந்தாள். நான் முடிக்கும்வரை கல் பொறுக்கினாள்.

"அவரப் பாத்தியா?"

"பாத்துட்டுத்தான் வர்றேன்."

"அவருதான் இப்படி சொல்லச் சொன்னாரா?"

இந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. இனிப் பொய் கூடாது என்று பஸ்ஸில் வரும்போது தீர்மானித்திருந்தேன். "ஆமா," என்றேன். "ஆனா நடந்தது..."

"இப்பவும் குடிக்கிறாரா?"

"ஆமா."

அக்கா முறத்தை ஒருதரம் புடைத்தாள். "பாவம் தம்பி நீ. கல்யாணம் ஆகப்போற நேரத்துல அவருக்காகப் பழிய ஏத்துக்கிட்டு வந்து நிக்கிற."

மறுவாரம் அதே ஜாடியை எடுத்தேன். சூக்காவைத் தண்ணீர் கலக்காமல் ஊற்றி, துருவேறிய ஒரு கம்பியைப் போட்டு, அன்று விட்டதுபோலவே விட்டேன். எடுத்து, மெழுகும் கரியும் அப்பி, சாயம் பூசி, அவள் முன்னால் முழங்காலில் வைத்து ஒடித்தேன். ஒடிந்தது. மெழுகைக் காட்டினேன்.

அவள் இரண்டு துண்டையும் வாங்கிப் பார்த்தாள். "சரி, இரும்பு கரையுது. அன்னைக்கு இப்படித்தான் நடந்துச்சுன்னு யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும்க்கா. நான்தானே சொல்றேன்."

"நீ சொல்லுவ." துண்டுகளைத் திருப்பிக் கொடுத்தாள். "அந்த ஜாடியக் கழுவி வை. புள்ளைங்க கைய விட்டுறப் போகுதுங்க."

மீண்டும் பொந்தியான் போய் அவள் நம்பவில்லை என்று சொன்னேன்.

"நான் குடிக்கிறேன்னும் சொன்னியா?"

"கேட்டாங்க. சொன்னேன்."

அவர் சிரித்தார். இருமல் வரும்வரை சிரித்தார். "அலமாக்," என்று மலாய்க்காரன்போல வியந்தார். "உண்மை பேச ஆரம்பிச்சா உனக்கு நிறுத்தத் தெரியல மச்சான்." பிறகு ஓர் இளநீர் வெட்டிக் கொடுத்தார். குடித்துவிட்டு வந்தேன். அதன் பிறகும் அவ்வப்போது போனேன். அந்தப் பேச்சை இருவரும் எடுக்கவில்லை.

ஜப்பான்காரன் வருவதற்கு முந்தின மழைக்காலத்தில் அவர் இறந்தார். ஈரல் கெட்டுவிட்டது என்றார் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரெசர். அக்காவை நான் அழைத்துப்போனேன். அவள் தாலியைக் கழற்றிக் கொடுத்தாள், செய்யவேண்டிய முறைகளைச் செய்தாள். பெண்களோடு உட்கார்ந்து மெல்லிய குரலில் சொல்லிக்கொண்டிருந்தது எனக்குக் கேட்டது.

"என் தம்பி அவரத் தூக்கிவிட எவ்வளவோ பாத்தான். கார கெடுத்தது நான்தான்னு வந்து எங்கிட்டயே சொன்னான். தான் செய்யாத தப்ப. அப்படி ஒரு மனசு அவனுக்கு."

பெண்கள் திரும்பி என்னைப் பார்த்தார்கள். அவர்களில் ஒருத்தி எழுந்துபோய் உள்ளேயிருந்து ஒரு நாற்காலி கொண்டுவந்து எனக்குப் போட்டாள். உட்கார்ந்தேன்.